மடைப்பலகையும் பதினோரு உள்ளானும்

போன வாரம் சாயங்காலம் நாம் தெருமுனைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நம்மில் ஒருத்தி, சின்ன வயதில் பக்கத்துத் தோப்பில் மாங்காய் திருடி மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். எல்லாரும் சிரித்தோம். அந்தச் சூட்டில் நானும் வாயைத் திறந்தேன். அடுத்தவர் கழனி வழியாகப் புகுந்து உள்ளான் பிடிக்கப் போவோம் என்று ஆரம்பித்து, நாலு வரி சொன்னதும் நிறுத்தினேன். மூட்டு வலிக்கிறது என்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். மூட்டுவலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மறுநாள் உங்களில் இரண்டு பேர் போன் போட்டு, பாதியில் விட்டுவிட்டுப் போனால் எப்படி என்று கேட்டீர்கள். மீதி இதுதான். வாயால் சொன்னால் நடுவில் யாராவது, "ஒம்பது வயசுப் பொண்ணுக்கு இன்னாடி தெரியும், வுடு" என்று சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

இன்றைக்கு நாம் வேப்பம்பட்டில் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நான் பிறந்து வளர்ந்தது கும்மிடிப்பூண்டிப் பக்கம். அப்போது அங்கே ஒரு புகைபோக்கி கூடக் கிடையாது. தண்டவாளம், ஏரி, ஏரிக்குக் கீழே கழனி, அவ்வளவுதான். என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். லைனை ஒட்டி வரிசையாக ஆறு ரயில்வே வீடுகள், அதில் நான்காவது எங்களுடையது. வீட்டுக்குள் எப்போதும் மண்ணெண்ணெயும் இரும்புத் துருவும் கலந்த ஒரு வாசனை இருக்கும். நைனாவின் சிவப்புக்கொடியும் பச்சைக்கொடியும் ஆணியில் தொங்கும், தொட்டால் அடி விழும். எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் இல்லை. வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் முழுக்க அடுத்தவர் நிலம்.

அரையாண்டு லீவு. மழை விட்டு ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. ஏரிக்கரைக்கு அடியில் கோரை மண்டிய ஒரு சேற்றுப்பள்ளம் உண்டு. மார்கழி பிறந்தால் அங்கே உள்ளான் வந்து இறங்கும். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: காடையைவிடக் கொஞ்சம் பெரிய பறவை, சேற்று நிறம், மூக்கு மட்டும் விரல் நீளம். பக்கத்தில் போய் மிதிக்கிற வரைக்கும் அசையாது. அப்புறம் கிறீச்சென்று கத்திக்கொண்டு கோணல்மாணலாகப் பறக்கும். குழம்பு வைத்தால் ஆளுக்கு ஒன்றரைத் துண்டு வரும். அதற்கே எங்கள் வீட்டில் அடிதடி நடக்கும்.

கண்ணி செய்தவன் என் அண்ணன், அவனுக்குப் பன்னிரண்டு வயது. பழவேற்காட்டிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் மீன்காரியிடம் கெஞ்சி, கிழிந்த நைலான் வலை ஒன்றை வாங்கினான். நைலான் அப்போது எங்களுக்குப் புதுசு. கண்ணாடி மாதிரி இருக்கும், தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. வலையைப் பிரித்து, சுருக்குச் சுருக்காக முடிச்சுப் போட்டு, நீளக் கயிற்றில் கோத்துக் கொட்டாங்குச்சியில் சுற்றி வைத்திருந்தான். விடியற்காலையில் சேற்றில் குச்சி நட்டு நான் கண்ணியைக் கட்டுவேன். எடை குறைந்தவள் என்பதால் எனக்கு அந்த வேலை. அவன் பள்ளத்தைச் சுற்றிப் போய் எதிர்ப்பக்கத்திலிருந்து கையைத் தட்டிக்கொண்டு வருவான். பறவைகள் என் பக்கம் ஓடி வந்து மாட்டும்.

பள்ளத்துக்குப் போக வேண்டுமென்றால் ஒரு கழனியைக் கடக்க வேண்டும். அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரித்துக்கொண்ட நிலம் அது. மேல்கழனி அண்ணன்காரருக்கு, கீழ்க்கழனி தம்பிக்காரருக்கு. ஏரியிலிருந்து ஒரே கால்வாய்தான் இரண்டுக்கும். ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே என்று முறை வைத்துத் தண்ணீர் பாயும். மேல்கழனி மடையில் ஒரு பலகை இருந்தது. அதை மடை வாயில் செருகினால் தண்ணீர் நேரே கீழ்க்கழனிக்குப் போகும். பிடுங்கிக் கால்வாயின் குறுக்கே செருகினால் மேல்கழனிக்குத் திரும்பிவிடும். பலகையை மாற்ற ஒரு நிமிஷம் ஆகாது. அந்த ஒரு பலகையை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பம் சச்சரவில்லாமல் சாப்பிட்டு வந்தது. அண்ணன்காரரை நம்பித்தான் அந்த ஏரிப் பாசனக்காரர்கள் எல்லாரும் முறை கேட்பார்கள். இன்று உனக்கு, நாளை அவனுக்கு என்று அவர் சொன்னால் சரி.

முதல்நாள் வரப்பில் போகும்போதே அவரிடம் மாட்டிக்கொண்டோம்.

"யார்ரா அது? வரப்ப ஒடிச்சிக்கினு எங்க போறீங்கோ?"

என் அண்ணன் எடுத்தான் ஓட்டம். எனக்குக் கால் சேற்றில் மாட்டிக்கொண்டது.

"கேங்மேன் பொண்ணா நீ? கையில இன்னா அது?"

"கண்ணி. உள்ளானுக்கு."

வாங்கிப் பார்த்தார். நைலானை இரண்டு கையாலும் இழுத்தார். அறுக்கவில்லை. அவருக்கு அது பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது.

"சரி, போறது போ. வரப்புக்கு நடுவுல கால வெச்சிப் போ. ஓரத்துல மிதிச்சா சரிஞ்சிடும். மடையில மட்டும் கைய வெக்கக் கூடாது. திரும்பி வரும்போது என் கொட்டாயில ஒரு ஜோடி உள்ளான் கட்டிட்டுப் போணும். இன்னா?"

"சரி பெரியப்பா" என்றேன். அந்தப் பெரியப்பா எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பயத்தில் வந்திருக்கும்.

அப்படித்தான் எங்களுக்கு வழி கிடைத்தது. அதுமுதல் தினமும் திரும்பும்போது அவருடைய கொட்டகை ஆணியில் ஒரு ஜோடியைக் கட்டித் தொங்கவிட்டு வந்தோம். அந்த நேரம் பெரும்பாலும் அண்ணன் தம்பி இருவரும் வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன்காரர் பீடி பற்றவைத்துப் பாதி இழுத்துவிட்டு, திரும்பியே பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டுவார். தம்பிக்காரர் கை அதற்கு முன்னாலேயே அங்கே வந்து காத்திருக்கும். இதைப் பார்க்கவே நான் மெதுவாக நடப்பேன். என் அண்ணன் எனக்கு ஒரு நாவல்பழத்தில் பாதி தந்ததில்லை.

லீவு முடிய மூன்று நாள் இருந்தது. முந்தின சாயங்காலம்தான் தம்பிக்காரர் நாற்றங்காலில் முளைகட்டிய விதையைத் தெளித்திருந்தார். அன்றைக்கு அவர் முறை. இருட்டோடு தண்ணீரைக் கீழே திருப்பிவிட்டு, உரம் ஏற்றிவர வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் போனபின் அண்ணன்காரரும் மடையைத் தாண்டி முதல் பஸ்ஸில் ஆர்.கே.பேட்டைக்குப் போயிருந்தார். மகளை அங்கே கட்டிக்கொடுத்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் பார்த்தது ஆள் இல்லாத கழனி, அவ்வளவுதான்.

மடையைத் தாண்டிக் கொஞ்சம் கீழே கால்வாயைக் கடக்க வேண்டும். எப்போதும் முட்டியளவு தண்ணீர்தான் இருக்கும். அன்று ஏரி மதகை அதிகமாகத் திறந்திருந்தார்கள் போலிருக்கிறது, என் இடுப்புக்கு மேல் வந்தது. குளிரென்றால் குளிர்.

"நீ இங்கியே குந்திக்கினு இரு. நான் மட்டும் போய்ட்டு வரேன்" என்றான் அண்ணன்.

எனக்குப் பொறுக்குமா? "இரு, தண்ணிய நான் கொறைக்கறேன்" என்றேன்.

அண்ணன்காரர் செய்ததைத் தினமும் பார்த்தவள் நான். மடைவாய்ப் பலகையை ஆட்டி ஆட்டி மேலே இழுத்தேன், கால்வாயின் குறுக்கே இருந்த கல் பள்ளத்தில் செருகினேன், இடுக்குக்குச் சேற்றை அப்பினேன். தண்ணீர் மேல்கழனிக்குள் புகுந்தது. கீழே கால்வாய் வடிந்து கணுக்காலளவு ஆனது. மீன்குஞ்சுகள் துள்ளின. அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் என்னைப் பார்த்து அப்படி நின்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பும்போது பலகையைப் பழையபடி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது சத்தியம்.

அன்றைக்குப் பதினோரு உள்ளான். அதற்கு முன் ஐந்தைத் தாண்டியதில்லை. இதை உடனே நைனாவிடம் காட்ட வேண்டும், அவர் லைனில் வேலையாக இருப்பார் என்று கரை ஏறித் தண்டவாளம் வழியாகவே ஓடினோம். கழனிப் பக்கம் திரும்பவே இல்லை. பலகை மறந்துவிட்டது. கொட்டகையில் கட்ட வேண்டிய ஜோடியும் மறந்துவிட்டது. வேறு ஏதாவது காரணம் சொல்லலாமா என்று இத்தனை வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

பொழுது சாய்கிற நேரத்தில் கழனிப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. வண்டியோடு திரும்பிய தம்பிக்காரர் பார்த்தது இதுதான். அவருடைய நாற்றங்கால் வறண்டு கிடந்தது. மூடிக் காக்கத் தண்ணீர் இல்லாததால் புறாவும் சிட்டுமாக வந்து பகல் முழுக்க விதையைப் பொறுக்கித் தின்றிருந்தன. மேல்கழனியில் தண்ணீர் வரப்பு முட்ட நின்றது. பலகை கால்வாயின் குறுக்கே இருந்தது. அந்த வருஷத்துக்கு அவரிடம் இருந்த விதை அவ்வளவுதான்.

"மொத பஸ்ஸுக்குப் போறவன் போற போக்குல பலகைய மாத்திட்டுப் போய்ட்டான். என் மொறையில. எங்கூடப் பொறந்தவன்" என்று கத்திக்கொண்டிருந்தார். என் பாதம் சேற்றில் பதிந்திருந்திருக்கும். யாரும் குனிந்து பார்க்கவில்லை. மடைப்பலகையை மாற்றுவது பெரியவர்கள் பண்ணுகிற திருட்டு. அதைப் போய்ப் பிள்ளை கை பண்ணும் என்று அந்த ஊரில் யார் நினைப்பார்கள்?

அம்மா குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அரைப்பது நின்றது.

"யார்னா பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப வாய மூடு. நாம குந்தியிருக்கறது ரயில்வே ஊடு. அவங்க கயனி வழியாத்தான் தண்ணி எடுக்கப் போறோம், சுள்ளி பொறுக்கப் போறோம். அவங்க அண்ணன் தம்பிங்க. இன்னிக்கி அடிச்சிக்குவாங்க, ரெண்டு நாள்ல சேந்துக்குவாங்க. நடுவுல நீ பூந்து பேஜாரு பண்ணாத."

அன்றைக்குக் குழம்பில் எனக்கு மூன்று துண்டு கிடைத்தது. சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் அம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். அம்மா என்னைப் போகக்கூடாது என்றாள், நான் போனேன். அண்ணன்காரர் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு நின்றார். தம்பிக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கற்பூரம் அணைச்சிச் சத்தியம் பண்ணு. பண்ணிட்டா நான் நம்பறேன்."

வெற்றிலைமேல் கற்பூரம் எரிந்தது. "பலகைய நான் தொடல. தொட்டிருந்தா ஆத்தா என்னக் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளங்கையால் அதை அமுக்கி அணைத்தார். புகை வந்தது. நான் ஒரு பெண்பிள்ளையின் பாவாடைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தேன். கையை நீட்டினால் தொடும் தூரம்தான்.

தம்பிக்காரர் நம்பினார். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கை பின்னால் நீண்டது, பீடி கை மாறியது. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். "பாத்தியா, நான் சொன்னன்ல" என்றாள் அம்மா. அவளுக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் பிடித்த உள்ளானில் குழம்பு வைத்து ஒரு ஈயப் போணி நிறைய என் கையில் கொடுத்து, அண்ணன்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு வா என்றாள். போணியைத் திருப்பித் தரும்போது அவர் அதை வெறுமனே தரவில்லை. வரப்பில் விளைந்த அவரைக்காயைப் போட்டு நிரப்பித் தந்தார்.

"அன்னிக்கி என் ஜோடிய ஏமாத்திட்டன்னு நெனச்சேன். கொழம்பாவே குட்த்துட்ட. நல்லா இருந்திச்சின்னு உங்கம்மா கிட்ட சொல்லு" என்றார்.

சத்தியம் செய்த ஒன்பதாம் நாள் அண்ணன்காரருடைய உழவுமாடு ஒன்று வயிறு உப்பிச் செத்தது. பனியில் நனைந்த இளம்புல்லை அளவுக்கு மீறித் தின்றால் மாடு அப்படிச் சாகும், இன்று எந்த மாட்டு டாக்டரும் சொல்வார். ஊரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. கற்பூரம் அணைத்தது வெள்ளிக்கிழமை, மாடு விழுந்தது அதற்கு அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் பேசினார்கள். தம்பிக்காரர் வந்தார், செத்துக்கிடந்த மாட்டைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"ஆத்தாவே சொல்லிட்டா. இனி நான் இன்னாத்த கேக்கறது" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். அதற்குப் பிறகு தண்ணீர் முறை கேட்டு அண்ணன்காரரிடம் யாரும் போகவில்லை. பொய்ச் சத்தியம் செய்தவர் சொல்லுக்கு என்ன மரியாதை? அவர் கழனிக்கு வருவார், தனியாகப் பீடி பிடிப்பார், பாதியை வரப்பில் தேய்த்து அணைத்துக் காதில் செருகிக்கொள்வார்.

அந்த ஊரிலேயே அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். நான், என் அண்ணன், என் அம்மா. அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒருநாள் கொட்டாங்குச்சியோடு கண்ணியை அடுப்பில் போட்டாள். நைலான் உருகிய நாற்றம் இரண்டு நாள் வீட்டைவிட்டுப் போகவில்லை.

ஒன்பது வயதுப் பெண், அம்மா சொன்னாள், கேட்டாள் என்று இங்கே நீங்கள் சொல்வீர்கள். சரி, இதுவரைக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் பக்கம் தொழிற்பேட்டை வந்தது. நிலத்தை முதலில் கொடுத்துவிட்டவர் அண்ணன்காரர். அவருக்கு அங்கே பிடிப்பு என்று என்ன இருந்தது? நான் படித்து, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, திருவள்ளூரில் ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். என் அண்ணன் நைனாவின் வேலைக்கே போய் அதே லைன் வீட்டில் இருந்தான். ஒருநாள் ஆபீஸ் காகிதம் ஒன்றைக் கொடுக்க, கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக்கு என்னை அனுப்பினார்கள். கேட்டில் காக்கிச் சட்டையோடு நோட்டை நீட்டிய வாட்ச்மேன் அவர்தான்.

"கேங்மேன் பொண்ணு தான நீ? உள்ளான் புடிப்பியே" என்றார். "இதோ இந்தக் கேட்டு நிக்குது பாரு, இதாம்மா மேல்மடை."

நோட்டில் கையெழுத்துப் போட்டேன். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பலகை, பதினோரு உள்ளான், கோயிலில் நான் நின்ற இடம், ஒன்றையும் விடவில்லை. அடிப்பார், திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப நான் இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மாடு செத்தப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சிம்மா. நாந்தான் பஸ்ஸுக்குப் போற அவசரத்துல மாத்திட்டுப் போய்ட்டனா, வயக்கத்துல கை அதுவா போச்சா, இல்லாட்டி ஆத்தா ஏன் மாட்ட எடுக்கறா? இத்தினி வருசமா யோசிச்சிக்கினு இருக்கேன். அப்ப நான் இல்ல."

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். என்மேல் ஒரு வார்த்தை கோபமில்லை. இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"ஒண்ணு மட்டும் செய்யி. இத்த என் தம்பி கிட்ட வந்து நீ சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டான். ஞாயித்துக்கெயம வா. நான் அவன எப்பிடியாச்சும் இங்க இட்டாந்துடறேன்."

"கண்டிப்பா வரேன் பெரியப்பா" என்றேன். இந்த முறை பயத்தில் சொல்லவில்லை, மனதாரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஸ்டேஷன் வரைக்கும் போனேன். ரயிலை விட்டு இறங்கினேன். தம்பிக்காரர் முகத்தை எப்படிப் பார்ப்பது, ஊர் கூடிவிட்டால் என்ன செய்வது, செத்துப்போன அம்மா பெயர் நாறும், எனக்கு அப்போது மாப்பிள்ளை வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, திரும்பும் ரயிலில் ஏறிவிட்டேன். அந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை.

அன்று கேட்டில் நடந்ததை என் அண்ணன்தான் சில மாதம் கழித்துச் சொன்னான். அவன் எதிர் டீக்கடையில் இருந்திருக்கிறான். நான் வருவதாக இருந்தது அவனுக்குத் தெரியாது. தம்பிக்காரர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தாராம். கேட்டுப் பக்கத்துப் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாராம். வருவார்கள், இப்போது வந்துவிடுவார்கள் என்று அண்ணன்காரர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வெயில் ஏறியது. அண்ணன்காரர் பீடி பற்றவைத்துப் பாதி இழுத்துவிட்டுக் கையைப் பின்னால் நீட்டினாராம். கொஞ்சநேரம் அந்தக் கை அப்படியே இருந்ததாம். தம்பிக்காரர் எழுந்தாராம்.

"இத்தினி வருசம் கயிச்சும் ஒனக்கு இன்னொரு பொய்யி வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

"யாரையோ எதிர்பாத்துக்கினு இருந்தாங்க. யாருன்னு தெர்ல" என்றான் என் அண்ணன். நான் அவனுக்குச் சாதம் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டு முடித்தேன்.

அந்த மழைக்காலத்திலேயே அண்ணன்காரர் போய்விட்டார். தம்பிக்காரர் பாடை எடுக்கும்போது வந்து தூரத்தில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவரிடமும் நான் போகவில்லை. இப்போது அவரும் இல்லை.

பலகையை மாற்றியபோது எனக்கு ஒன்பது வயது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இருபத்துநாலு.